முதல் வீட்டுக்காரர்

சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து எந்த ரோட்டில் போனாலும், ஊர் முடிந்து கரும்பு தொடங்கும் இடத்தில் கலர் கொடி கட்டிய வளைவு ஒன்று நிற்கும். உள்ளே மஞ்சள் பெயிண்ட் அடித்த கற்கள் வரிசை வரிசையாக நட்டிருக்கும். அந்தக் கற்களுக்கு நடுவே, தேர்த்திருவிழாவில் தொலைந்துபோன பிள்ளை மாதிரி ஒரே ஒரு வீடு திருதிருவென்று முழித்துக்கொண்டிருக்கும். அந்த வீட்டுக்காரரைத்தான் சொல்ல வந்தேன். பெயர் வேண்டாம். சொன்னால் நாலு பேர் சண்டைக்கு வருவார்கள், நகருக்கு ஒருவர் இருக்கிறார்.

நான் பழகியவர் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார். இருபத்தாறு வருஷம் கடைவீதிக்குப் பின்னால் ஒண்டுக் குடித்தனம். வீட்டுக்காரம்மா குடத்தை எண்ணித்தான் தண்ணீர் விடுவார். சுவரில் ஆணி அடிக்க அனுமதி கேட்டு இவர் எழுதிய கடிதம்கூட அந்த அம்மாவிடம் பத்திரமாக இருக்கிறதாம். 2019 ஜனவரியில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். நவம்பர் 26-ல் மாவட்டம் பிறந்தது. அறிவிப்புக்கும் பிறப்புக்கும் நடுவில் வந்த ஆவணியில், ஓய்வூதியப் பணம் மொத்தமாகக் கைக்கு வந்த கையோடு, வாத்தியார் ஐந்து சென்ட் வாங்கிவிட்டார். கலெக்டர் ஆபீஸே இந்தப் பக்கம்தான் வரப்போகிறது என்று விற்றவர்கள் அடித்துச் சொன்னார்கள். அது வீரசோழபுரத்துக்குப் போனது. வாத்தியார் இங்கேயே இருந்துவிட்டார்.

ஐந்து சென்ட் என்றால் 2,178 சதுர அடி. நாம் ஐந்து சென்ட் என்போம். அவர் 2,178 என்பார், அந்த எட்டை விடவே மாட்டார்.

பத்திரப் பதிவுக்கு அன்றைக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 4, ஆக நூற்றுக்குப் பதினொன்று எண்ணிவைத்தார். 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணத்தை 2 ஆகக் குறைத்தபோது மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காம் நாள், வழிகாட்டி மதிப்பு ஏறிவிட்ட செய்தியைப் படித்துக் காட்டி அவர் மனைவிதான் சோறு போட்டார். 2025 ஏப்ரலிலிருந்து பத்து லட்சத்துக்குள் உள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் கட்டணத்தில் ஒரு சதவீதம் தள்ளுபடி என்றார்கள். அப்போது அவர் வருத்தப்படவில்லை. அதற்குள் அவர் வாங்குகிறவர் கட்சியிலிருந்து விற்கிறவர் கட்சிக்கு மாறியிருந்தார். "வீட்டம்மா பேர்ல போடுங்க சார், மிச்சம் பண்ற காசுல கேட்டே வெச்சிடலாம்" என்று என்னிடமே சொன்னார்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. முதல் வீட்டுக்காரருக்கு மனை மலிவாகத்தான் கிடைக்கிறது. மீதி விலையை அவர் பேசிப் பேசி அடைக்க வேண்டும். இரண்டாவது வீடு வந்தால்தான் தெருவிளக்கு, மூன்றாவது வந்தால்தான் குப்பை வண்டி, பத்து வீடு வந்தால்தான் மளிகைக் கடை. ஆகவே கமிஷன் வாங்காத புரோக்கராக அவர் வாழ்க்கை ஓடுகிறது. கல்யாண வீட்டில் பந்திக்கு உட்கார்ந்தால், இலையில் தண்ணீர் தெளிப்பதற்குள் பக்கத்து இலைக்காரர் வாடகை வீட்டில் இருக்கிறாரா என்று விசாரித்துவிடுவார். சாவு வீட்டில் மட்டும் கொஞ்சம் தாமதிப்பார், எடுத்த பிறகு ஆரம்பிப்பார்.

தூரத்தை அவர் கிலோமீட்டரில் சொல்லி நான் கேட்டதில்லை. "பஸ் ஸ்டாண்டுலேர்ந்து அஞ்சே நிமிஷம்." எந்த வண்டியில், எந்த வேகத்தில் என்பதெல்லாம் கேட்கக் கூடாது. ஒருநாள் அவருடைய டிவிஎஸ் எக்ஸெலில் பின்னால் உட்கார்ந்து போனேன். பதினான்கு நிமிஷம் ஆனது. இறங்கி என் கைக்கடிகாரத்தைக் காட்டினேன். "நீங்க கொஞ்சம் வெயிட்டு சார்" என்றார்.

அந்த நகரில் இதுவரை வந்த பாம்பு எல்லாமே சாரை. கட்டுவிரியன் நல்லபாம்பு எதற்கும் அங்கே நுழைய அனுமதி இல்லை. படமெடுத்து நின்ற ஒன்றையே, "சாரைதான் சார், கொஞ்சம் கோபமா இருக்கு" என்று சொன்னவர் அவர். காட்டுப்பன்றி கரும்புக்கு வருகிறதே தவிர நகருக்கு வருவதில்லை. மயில் வந்தால் மட்டும் உடனே போன் பண்ணிச் சொல்வார்.

இரவில் எல்லா அறையிலும் விளக்கு எரியும். மொட்டை மாடியில் ஒன்று, மாட்டுக்கொட்டகை இல்லாத பின்பக்கத்தில் ஒன்று. ரோட்டில் போகிறவன் பார்த்தால் ஊர் இருப்பதாகத் தெரிய வேண்டுமாம். மின்சாரக் கட்டணத்தை விளம்பரச் செலவில் எழுதுகிறார். வேட்டியைக்கூட ஒரே கொடியில் காயப்போட மாட்டார். இங்கே ஒன்று, நாலு மனை தள்ளி ஒன்று. அடுத்த தெருவிலும் ஆள் குடியிருக்கிற மாதிரி தெரியும் அல்லவா?

தெருக்களுக்குப் பெயரும் அவர்தான் வைத்தார். வீட்டு விலாசம் 'மூன்றாவது குறுக்குத் தெரு'. முதலாவதிலும் இரண்டாவதிலும் ஆடு மேய்கிறது. முதல்முறை வழி கேட்டபோது, "செல்போன் டவர் தெரியுதா?" என்றார். தெரிகிறது என்றேன். "அதுக்கு முதுகைக் காட்டி நில்லுங்க. என்ன தெரியுது?" ஒன்றும் தெரியவில்லை என்றேன். "அதேதான், நேரா வாங்க."

ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்குப் பண்டிகை. மனை பார்க்க ஆள் ஏற்றிக்கொண்டு வேன் வரும். எட்டு மணிக்கே முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் நின்று, ஏற்கெனவே நனைந்திருக்கிற செம்பருத்திக்கு மறுபடி தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். "பாருங்க, குடும்பமே குடியிருக்காங்க" என்று கம்பெனிப் பையன் கை காட்டுவான். குடும்பம் கை ஆட்டும். வந்தவர்கள் புதுசாக வந்த பெண்ணைப் பார்க்கிற மாதிரி ஏற இறங்கப் பார்ப்பார்கள். தண்ணீர் உப்பா என்று கேட்பார்கள். ஒரு சொம்பில் கொண்டுவந்து கொடுப்பார். அது போரில் வந்ததா, கேனில் வந்ததா என்பதில் என் சந்தேகம் இன்னும் தீரவில்லை. வேன் கிளம்பும்போது அவருக்கும் ஒரு பிரியாணிப் பொட்டலம் உண்டு. உழைப்புக்குக் கூலி.

வாஸ்துவில் அவர் கரை கண்டவர். கிழக்கு பார்த்த மனை என்றால் சூரியன் நேரே வீட்டுக்குள். தெற்கு பார்த்தது வியாபாரிக்கு வாரிக் கொடுக்கும். மேற்கு பார்த்த மனை என்றால் வாசலில் உட்கார்ந்தே கல்வராயன் மலையைப் பார்க்கலாம். அந்த மலை 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது, பிறகு அரசாங்கம் எடுத்துக்கொண்டது, இப்போது வாத்தியார் கையில் இருக்கிறது. மேற்கு வரிசை மனைக்கு மலையைச் சும்மாவே சேர்த்துக் கொடுக்கிறார். "கடுக்காய்க் காத்து சார், மலையிலேர்ந்து நேரா வருது. காசு கொடுத்தாலும் மெட்ராஸ்ல கிடைக்குமா?" நான் இழுத்துப் பார்த்தேன். பக்கத்து வயலில் தோகை எரித்த வாசனைதான் வந்தது.

சட்டம் அவர் நாக்கு நுனியில் இருக்கிறது. அப்ரூவல் இல்லாத மனையைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை போட்டதே, அந்தக் கதையை அவர் சொன்னால் நீதிபதிக்கு அருகிலேயே உட்கார்ந்திருந்தவர் மாதிரி இருக்கும். தன் நகரின் டிடிசிபி அப்ரூவல் எண்ணை மனப்பாடமாகச் சொல்வார். மனைவியின் பிறந்தநாளைக் கேட்டால் ஆதார் அட்டை தேடுவார். 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்ட, சுயசான்று கொடுத்து ஆன்லைனிலேயே அனுமதி வாங்கலாம் என்று 2024 ஜூலையில் வந்ததும், ஒரு கட்டு ஜெராக்ஸ் எடுத்துக் கடைவீதியில் கொடுத்தார். லேஅவுட் பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேல் போனால் பத்தில் ஒரு பங்கு பூங்காவுக்கு விட வேண்டும் என்பது விதி. அப்படி விட்ட இடத்தில் 'பூங்கா' என்ற பலகையும் ஒரு சீமைக்கருவேலமும் இருக்கின்றன. மாலையில் அங்கே நடைப்பயிற்சி போகிறார், ஆடுகளோடு.

ஒரு வீடு இருந்தாலும் நலச்சங்கம் உண்டு. தலைவர், செயலாளர் அவர். பொருளாளர் அவர் மனைவி, அந்த அம்மாவுக்கு அது தெரியாது. ரப்பர் ஸ்டாம்பு அடித்த லெட்டர்பேடில் மனு எழுதி, திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்ப்பு நாளுக்குக் கிளம்பிவிடுவார். இதில் அவருக்கு ஒரு சரித்திரக் கணக்கு இருக்கிறது. தென்னார்க்காடு மாவட்டமாக இருந்தபோது அவர் அப்பா மனு கொடுக்கக் கடலூர் போனார். 1993-ல் பிரித்தார்கள், இவர் விழுப்புரம் போனார். 2019-ல் மறுபடி பிரித்தார்கள், இப்போது கள்ளக்குறிச்சி போகிறார். "கவனிச்சீங்களா சார்? கலெக்டர் நம்மள நோக்கி வந்துட்டே இருக்காரு. இன்னும் ஒரே ஒரு தடவ பிரிச்சா போதும், சங்கராபுரம். அப்புறம் நம்ம நகர்தான்." சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு ரயில் பாதை போடுகிறார்களே, அதையும் பென்சிலால் தன் வீடு வரைக்கும் நீட்டி வைத்திருக்கிறார்.

ஒருநாள் அவருக்குத் தெம்பாக இருக்கட்டும் என்று லெவிட்டவுன் கதையைச் சொன்னேன். நியூயார்க்குக்கு வெளியே, லாங் ஐலண்டில், 1947-ல் உருளைக்கிழங்கு வயல்களை வாங்கி, போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கென்று மலிவு விலையில் ஒரே அச்சில் வீடுகளாகக் கட்டித் தள்ளினார்கள். நாலைந்து வருஷத்தில் பதினேழாயிரம் வீட்டுக்கு மேல். கறுப்பினத்தவருக்கு விற்க மாட்டோம் என்ற அசிங்கமும் அதில் இருந்தது. வாத்தியார் கண்ணை மூடிக் கேட்டார். "இன்னாருக்கு விக்க மாட்டேன்னு சொல்ற அளவுக்கு அங்க ஆள் வந்திருக்கு பாருங்க" என்று பெருமூச்சு விட்டார். பிறகு, "உருளைக்கிழங்கு வயல்லயே பதினேழாயிரம்னா, கரும்புக்காட்டுல வராதா?" கடைசியில் ஒரு கேள்வி கேட்டார். "அங்க முதல் வீட்டுல குடிபோனவன் யாரு சார்? அவன் பட்ட பாட்ட எவனாவது எழுதியிருக்கானா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தக் கட்டுரை எழுதுவதற்கு அந்தக் கேள்விதான் காரணம்.

அவர் மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை. அதிகம் பேச மாட்டார். நான் போயிருந்த ஒரு சாயங்காலம் காபியை வைத்துவிட்டு, "சக்கரை கம்மியா இருக்கும்ங்க. தீந்துபோச்சு. பக்கத்துல வாங்கலாம்னா பக்கமே இல்ல" என்றார். அந்த நகரைப் பற்றி அவர் சொன்ன மொத்த விமர்சனம் அது.

போன வருஷம் அதிசயம் நடந்தது. இவர் வீட்டை ஒட்டிய மேற்கு மனையை ஒரு ஜவுளிக்கடைக்காரர் வாங்கிவிட்டார். வாத்தியார் பூஜைக்குத் தேங்காய் உடைத்தார். கட்டடத்துக்குத் தன் போரிலிருந்து தண்ணீர் விட்டார். கொத்தனாருக்கு டீ, சித்தாளுக்கு மோர். குடிபுகுந்த அன்று பால் காய்ச்சியபோது, பொங்கியது பாலா இவரா என்று தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் போனேன். வாசலில் நாற்காலியைக் கிழக்குப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஜவுளிக்கடைக்காரர் மாடியும் எழுப்பிவிட்டார். மலை போய்விட்டது. கடுக்காய்க் காற்றும் அதோடு போய்விட்டது. அவர் வீட்டு நாய் இவரைப் பார்த்தே குரைக்கிறது. அவர் கார் இவர் கேட்டுக்கு எதிரில் நிற்கிறது. வேனில் வருகிறவர்களுக்கு இப்போது அந்த மாடி வீட்டைத்தான் காட்டுகிறார்களாம், பிரியாணிப் பொட்டலமும் அங்கேதான் போகிறதாம். போதாக்குறைக்கு நலச்சங்கத்தின் முதல் பொதுக்குழுவில் ஜவுளிக்கடைக்காரர் எழுந்து வரவு செலவுக் கணக்கு கேட்டிருக்கிறார். இருந்தது இரண்டு உறுப்பினர். கோரமும் வந்தது, கோஷ்டியும் வந்தது. அடுத்த தேர்தலில் பொருளாளர் அம்மா எந்தப் பக்கம் என்பது இன்னும் தெளிவாகவில்லை. ஜவுளிக்கடைக்கார அம்மா அவருக்கு வாரம் தவறாமல் சர்க்கரை கொடுக்கிறாராம்.

"முன்னெல்லாம் இந்த ஏரியா எவ்வளவு அமைதியா இருக்கும் தெரியுமா?" என்றார் வாத்தியார். தெரியும் என்றேன். "இப்ப ஒரே நெரிசல் சார்."

போன ஞாயிற்றுக்கிழமை அவர் வாசலில் செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. எக்ஸெலை எடுத்துக்கொண்டு புதுப்பட்டுப் பக்கம் போயிருக்கிறார், மனை பார்க்க. ஐந்து சென்ட், டிடிசிபி, மேற்கு பார்த்தது. சுற்றுவட்டாரத்தில் ஒரு வீடுகூட இல்லையாம்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏழே நிமிஷம்.