கோழிக்காரன் கட்டின காரும் பேராண்டி போட்ட கணக்கும்

பேராண்டி, நீ அனுப்புன போட்டோவைப் பாத்தேன். செவப்பா ஒரு காரு, தரையோட தரையா படுத்துக் கெடக்குது. "தாத்தா, இது ஷெல்பி கோப்ரா ரெப்ளிகா. இப்போ வாங்கிப் போட்டா அஞ்சு வருஷத்துல நல்ல லாபத்துக்குத் தள்ளிடலாம்"னு எழுதியிருக்கே. பெங்களூருல உனக்குச் சம்பளம் ஏறிடுச்சுன்னு சொன்னாங்க. தலைக்கே ஏறிடுச்சுன்னு யாரும் சொல்லலை.

மாட்டுத் தரகு பாத்த கெழவனுக்குக் காரைப் பத்தி என்ன தெரியும்னு கேப்பே. தீபத்துக்கு நம்ம திருவண்ணாமலையில கூடுற சந்தையில, துண்டுக்குள்ள வெரலைப் பிடிச்சு வெல பேசுனவன்டா நான். கொம்புல அடிச்ச பெயிண்டைப் பாத்து எவனாச்சும் காசு குடுப்பானா? வாயைத் தொறந்து பல்லு பாப்பான், உடம்பைத் தடவி சுழி பாப்பான், அப்புறம்தான் வெரலை நீட்டுவான். காருக்கு எஞ்சின்தான் பல்லு, ஆர்.சி. புக்குதான் சுழி. மத்த விவரமெல்லாம் நீ வாங்கிக் குடுத்த செல்போன்ல ராத்திரி தூக்கம் வராம பாத்துக்கிட்டது.

மொதல்ல உன் காரோட ஒரிஜினல் கதையைக் கேளு. கேரல் ஷெல்பி டெக்சாஸ்காரன். கோழிப் பண்ணை வச்சான். சீக்கு வந்து கோழியெல்லாம் செத்து, ஆளு நொடிச்சுப் போயிட்டான். அப்புறம் ரேஸ் ஓட்டப் போயி 1959ல லெ மான்ஸ் பந்தயத்துல ஜெயிச்சான். அப்போ இங்கிலாந்துல ஏசி கம்பெனி 'ஏஸ்'னு ஒரு லேசான காரு செஞ்சுக்கிட்டிருந்தது. அதுக்குப் போட்ட பிரிஸ்டல் எஞ்சின் வர்றது நின்னுபோச்சு. "உடம்பை நீங்க குடுங்க, எஞ்சினை நான் கொண்டாறேன்"னு போயி நின்னான் நம்ம கோழிக்காரன். செவர்லேகாரன்கிட்ட கேட்டான். தன் கார்வெட்டுக்குப் போட்டியா வர்ற பாம்புக்குத் தானே பாலூத்தணுமான்னு அவன் கையை விரிச்சுட்டான். ஃபோர்டுகாரன் வி8 எஞ்சின் குடுத்தான். 1962ல கோப்ரா பொறந்துச்சு. பாத்தியா, நீங்கல்லாம் கும்பிடுற ஒரிஜினலே எஞ்சின் மாத்துன வண்டிதான்!

அதோட விட்டானா? கையில இருந்தது ஒரே ஒரு காரு. ஓட்டிப் பாக்க ஒவ்வொரு பத்திரிகைக்காரன் வரும்போதும் வேற வேற கலரு அடிச்சுக் குடுத்தான். படிச்சவனெல்லாம் கம்பெனியில காரு குவிஞ்சு கெடக்குதுன்னு நெனச்சுக்கிட்டான். நம்ம சந்தையில பொறந்திருக்க வேண்டிய ஆளு! அந்த மொதக் காரு 2016ல ஏலத்துக்கு வந்து ஒரு கோடியே 37.5 லட்சம் டாலருக்குப் போச்சு. அப்போதைய கணக்குல நம்ம காசுக்கு 90 கோடிக்கு மேலே.

ஒரிஜினல் கோப்ரா மொத்தமே ஆயிரத்தை ஒட்டித்தான் செஞ்சாங்க. காப்பி பல ஆயிரம் ஓடுது. அந்தக் காப்பியிலயும் ஏத்தம் தாழ்த்தம் இருக்குது. உள்ளே ஃபோர்டு வி8 இருந்தா ஒரு வெல. செவர்லே எஞ்சின் இருந்தா, அது இன்னும் மலிவா, இன்னும் வேகமா இருந்தாலும், வாங்க வர்றவன் மூஞ்சியைச் சுளிக்கிறான். கையை விரிச்சவன் எஞ்சினைக் கொண்டாந்து கோழிக்காரன் கதைக்குள்ள சொருகுனா எவன் ஒத்துக்குவான்? காப்பி வாங்குறவன் கதைக்குத்தான்டா காசு குடுக்குறான். அதுக்கப்புறம்தான் யாரு கட்டுனது, பில்லு எல்லாம் இருக்குதான்னு பாப்பான்.

நீ என்னாடான்னா, மைலேஜ் வரும்னு ஹோண்டா எஞ்சின் போடலாமான்னு கேக்குறே. மைலேஜ் வேணும்னா டிவிஎஸ் எக்ஸெல் வாங்கு. பின்னாடி ரெண்டு மூட்டை நெல்லும் கட்டிக்கலாம்.

நம்ம நாட்டுலயும் ஒருத்தங்க செஞ்சு பாத்தாங்க. மகாராஷ்டிராவுல அலிபாக் பக்கம் சிங்காரா மோட்டார்ஸ். 1957ல வந்த லோட்டஸ் செவன் ஜாடையில ஒரு ரோட்ஸ்டர். உள்ளே இருந்தது அம்பாசடர், கான்டெஸாவுக்குப் போட்ட 1.8 லிட்டர் இசுசு எஞ்சின். சீமைக்காரன் பாத்தா சிரிப்பான். ஆனா அது செங்கம் ரோட்டுல நின்னுபோச்சுன்னு வை, பழைய அம்பாசடர் மெக்கானிக் ஒருத்தன் ஸ்பானரும் கையுமா வந்து எழுப்பிடுவான். சீமையில கதைக்கு ஏத்த எஞ்சினுக்கு வெல. இங்க, கை வைக்க ஆளு இருக்குற எஞ்சினுக்கு வெல. நீ எந்த ஊருல விக்கப் போறேன்னு மொதல்ல முடிவு பண்ணு.

அவ்ளோ தூரம் ஏன்? 1985லேர்ந்து 1996 வரைக்கும் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100ஐ எடுத்துக்கோ. ஆர்எக்ஸ் 135 வண்டிக்கு 100ன்னு ஸ்டிக்கர் ஒட்டி விக்கிற கில்லாடியும் இருக்கான். வாங்க வர்ற பையன் அவனுக்கு மேல கில்லாடி. டேங்கைத் திரும்பிக்கூட பாக்காம, குனிஞ்சு கிராங்க்கேஸைத் தொடச்சு, "ஜப்பான் எஞ்சினாண்ணே?"ங்கிறான். அப்புறம் எஞ்சின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் ஆர்.சி.யோட ஒத்துப் பாக்குறான். ஒரு நம்பர் ஒதைச்சாலும் ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டுக் கெளம்பிடுறான்.

ஆர்.சி.ன்னதும் ஞாபகம் வருது. பழைய ஹோண்டா சிட்டியை அறுத்து லம்போர்கினி ஆக்கித் தர்றேன்னு ஒருத்தன் சொன்னதா எழுதியிருக்கே. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவுன்னு ஒண்ணு இருக்குது. கம்பெனிக்காரன் குடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. சுப்ரீம் கோர்ட்டும் 2019 ஜனவரியில அதையேதான் அழுத்திச் சொல்லிச்சு. லம்போர்கினியில வந்து எறங்கி, சிட்டி ஆர்.சி.யை நீட்டி நம்ம ஊரு டி.என். 25 நம்பருக்கு மாத்திக் குடுங்கன்னு கேட்டா, ஆர்.டி.ஓ. ஆபீசுல உனக்கு ஆரத்தியா எடுப்பாங்க?

பழைய வண்டின்னு சொல்லி ஒப்பேத்திடலாம்னும் பாக்காதே. 50 வருஷம் தாண்டுன வண்டிக்கு 2021ல தனி விதி வந்துச்சு. 'வி.ஏ.' எழுத்தோட தனி நம்பர், புதுப் பதிவுக்கு 20,000 ரூபா. ஆனா சேஸிஸ், பாடி, எஞ்சின் மூணுலயும் பெருசா கை வச்சிருக்கக் கூடாது, தினப்படி ஓட்டவும் கூடாது. ஒரிஜினல்னா இன்னான்னு சந்தைதான் சொல்லிக்கிட்டிருந்தது, இப்போ சர்க்காரும் சொல்லிடுச்சு.

அதனால, உன் ஆசைக்கு ஒரு எஞ்சின், உன் ரசனைக்கு ஒரு கலரு, கண்ணாடியில உன் பேருன்னு அடுக்கிக்கிட்டே போனா, அந்தக் காரை வாங்க உலகத்துல ஒரே ஆளுதான் இருப்பான். அவன் ஏற்கெனவே வாங்கிட்டான். வாங்கும்போதுதான் உன் ஆசைக்கு வெல. விக்கும்போது அடுத்தவன் ஆசைக்குத்தான் வெல.

இதையும் மீறி வாங்குனே, ஓட்டி அனுபவி. பௌர்ணமியில மட்டும் கிரிவலப் பாதைப் பக்கம் கொண்டாந்துடாதே. 14 கிலோமீட்டரையும் நடந்து சுத்துற கெழவிங்க உன்னை முந்திடுவாங்க. விக்கிற அன்னிக்கு, "இது காப்பிதான், எஞ்சின் இன்ன எஞ்சின், இதோ பில்லு"ன்னு முந்திக்கிட்டுச் சொல்லிடு. உள்ளதைச் சொன்ன காப்பிக்கு ஒரு வெல படியும். ஒரிஜினல்னு புளுகி மாட்டுன காப்பியைக் காயலான் கடைக்காரன்கூட ரெண்டு தடவை யோசிச்சுத்தான் எடுப்பான்.

பொய் சொல்லியே ஆவணும்னு நாக்கு அரிச்சா, வாங்குன வெலையை உங்க ஆயாகிட்ட சொல்லும்போது சொல்லிக்கோ. நானும் பக்கத்துல ஒக்காந்து தலையாட்டுறேன்.