முடிச்சுப் புராணம்

தூண்டில் நரம்பில் போலி மீனைக் கட்டுவது கல்யாண முடிச்சைவிடச் சிக்கலானது. இறுக்கிக் கட்டினால் புது மாப்பிள்ளைபோல விறைத்து நிற்கும். வளையம் விட்டு ரபாலா முடிச்சுப் போட்டால் உயிர்மீனாக நெளியும். திறந்து மூடும் ஸ்னாப் கொக்கி என்றால் போலி மீனை நொடியில் மாற்றலாம். ஆனால் பெரிய ஸ்னாப் சின்னப் போலி மீனின் ஆட்டத்தைக் கெடுக்கும். சுழலும் போலி இரையான ஸ்பின்னருக்கோ ஸ்விவல் என்ற சுழல் இணைப்பு வேண்டும், இல்லையேல் நரம்பு முறுக்கிக்கொள்ளும்.

அரைநாள் யோசித்து, உராய்வுச் சூட்டில் நைலான் நலியாதிருக்க முடிச்சை எச்சில் தொட்டு நனைத்து, இறுக்கி வீசினேன். சீலா மீன் வந்தது. முடிச்சைத் தொடவே இல்லை; அதற்கு மேலே நரம்பைக் கடித்துவிட்டுப் போனது. என் முடிச்சு இன்னும் அவிழவில்லை, அதன் வாயில் பத்திரமாக இருக்கிறது.

சீலா திரியும் கடலில் முதலில் நரம்பின் நுனியில் கம்பி கட்டுங்கள். முடிச்சு வாதம் பிறகு.