பையியல்: சில பூர்வாங்கக் குறிப்புகள்

மயிலைத் தெப்பக்குளம் தொடங்கித் தியாகராய நகர் வழியாக அடையாறு ஈறாகப் பரந்து கிடக்கும் புண்ணிய பூமியில், பையைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஜீவன் ஒன்றையேனும் காண்டல் அரிது. பழைய கபாலீசுவரம் கடற்கரையில் இருந்ததா இல்லையா என்று தலைமுறை தலைமுறையாக வாதிக்கும் அறிஞர் பெருமக்கள், இன்றைய கோபுர வாசலில் காய் வாங்குவோர் கையில் தொங்கும் வஸ்துவை ஏறெடுத்தும் பாராமற் போனமையால், இத்திருப்பணி அடியேன் தலையில் விழுந்தது.

பை நால்வகைப்படும்: மஞ்சப்பை, கட்டைப்பை, ஒயர்க்கூடை, ஜோல்னாப்பை. கூடை எங்ஙனம் பையாகும் என்று ஆக்ஷேபிப்பார் உளர். அவர்கள் ‘சிவன் கண்’ முடிச்சுக்கும் ‘நெல்லிக்காய்’ முடிச்சுக்கும் பேதம் அறியாதவராதலின் பதில் சொல்ல வேண்டுவதில்லை. ஜோல்னாப்பையைத் தோளில் மாட்டியிருப்பவர் ஆராய்ச்சியாளர். உள்ளே இருப்பது மற்றொருவருடைய ஆராய்ச்சி.

ஜவுளிக்கடை இனாமாகத் தந்ததும், பட்டணத்துக்குப் புதிதாக வந்திறங்கிய கிராமத்தார்க்கு இலக்கணமென்று சினிமாவால் நகையாடப்பட்டதுமான மஞ்சப்பை, 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழகத்தில் தடை வந்தபின் மறுவாழ்வு பெற்று, 2021 டிசம்பர் 23 அன்று ‘மீண்டும் மஞ்சப்பை’ என்னும் இயக்கமாகவே அரசாங்கத்தாரால் பட்டாபிஷேகம் செய்விக்கப்பட்டது. கோயம்பேட்டுச் சந்தையில் 10 ரூபாயை விழுங்கி ஒரு மஞ்சப்பையை உமிழும் இயந்திரமும் ஸ்தாபிதமாயிற்று. இனாமாக வந்தபோது ஒளித்து வைத்தவர்கள் விலை கொடுத்து வாங்கியபின் வீதியில் வீசி நடப்பதை நானே பார்க்கிறேன்.

கட்டைப்பையோ பனகல் பார்க்கைச் சுற்றியுள்ள ஜவுளி சாம்ராஜ்யத்தின் கொடை. பட்டுக்கடைப் பையில் சேப்பங்கிழங்கு வாங்கலாமா என்பதே இங்கே எழும் தர்ம சங்கடம். பை நைந்தபின் வாங்கலாம் என்பது மயிலைச் சம்பிரதாயம்; கடையின் பெயர் உட்புறம் வரும்படி புரட்டிக்கொண்டு வாங்கலாம் என்பது அடையாற்றுச் சம்பிரதாயம். தியாகராய நகரத்தார் இன்னொரு புடவை எடுத்து இன்னொரு பை பெற்றுவிடுகின்றனராதலின், அவர்களுக்கு இப்பிரச்னையே இல்லை.

இனி, இந்நூலின் இருதய ஸ்தானமாகிய ‘பைகளின் பை’க்கு வருவோம். அடுக்களைக் கதவின் பின்னால், ஆணியில், ஒரு பெரிய பையானது எண்ணற்ற சிறு பைகளைத் தன்னுள் திணித்துக்கொண்டு, நிறைமாதக் கர்ப்பிணி போல் தொங்காத வீடு இப்பிரதேசத்தில் இல்லை. இப்பை ஒரு நாளும் தெருவுக்குச் சென்றதில்லை. பை சுமப்பதற்கு அன்று, சேமிக்கப்படுவதற்கே என்னும் நம் சித்தாந்தத்துக்கு இதனினும் பிரத்தியக்ஷப் பிரமாணம் வேண்டுமோ?

ஆயினும் ஒரு சிக்கல். வீட்டிலுள்ள எல்லாப் பைகளும் இதனுள் இருக்கின்றன என்று இல்லத்தரசி சாதிக்கும்போது, இந்தப் பையும் இதனுள் இருக்கிறதா? தம்மைத் தாமே உறுப்பாகக் கொள்ளாத கணங்களின் கணம் தன்னுள் தான் அடங்குமா என்று 1901-இல் திகைத்த பெர்ட்ராண்டு ரஸ்ஸல், மறு வருஷம் பிரேகே என்னும் ஜெர்மானியருக்குக் கடிதம் எழுதி, அவருடைய பல்லாண்டு உழைப்பின் அஸ்திவாரத்தையே ஆட்டிவிட்டார். கச்சேரி ரோட்டு வீடொன்றின் கதவை ஒருமுறை இழுத்துப் பார்த்திருந்தால் தபால் செலவாவது மிஞ்சியிருக்கும். அல்லாடி ராமகிருஷ்ணன் தம் மயிலாப்பூர் இல்லத்தில் நடத்திய கருத்தரங்குகளின் பயனாக 1962-இல் கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. அப்பேர்ப்பட்ட ஊர் இதைத் தீர்க்காமல் விடுமா? ‘அடங்கும்; அவசரத்துக்குத் தேடினால் அதுவும்தானே அகப்படுவதில்லை’ என்பது ஒரு கக்ஷி (மேல்மாடி மாமியுரை, கைப்பிடிச்சுவர்ப் பதிப்பு). ‘அடங்காது, அது ஆணியைச் சேர்ந்தது’ என்பது மறு கக்ஷி (கீழ்வீட்டுப் பாடபேதம், குழாயடிப் பிரதி, தண்ணீர் வந்துவிட்டமையால் இறுதி ஏடுகள் இல்லை). அது கிழிந்தால் வேறொரு பைக்குள் போவதாகலின் காலகிரமத்தில் எல்லாம் அடங்கும் என்று சமரசம் செய்வது மூன்றாவது (எதிர்வீட்டுப் பாட்டி அருளிய ஊறுகாய்ப் பரணி விருத்தியுரை, மொட்டைமாடி வடகக் காப்புப் படலம், காக்கை விரட்டியபோது இடைமறித்துக் கூறியது, மருமகள் மறுப்புடன்).

தாம்பூலப் பை சாசனவியலுக்குரியது. தேங்காயும் வெற்றிலை பாக்கும் தீர்ந்தபின்னும் மணமக்கள் பெயரும் முகூர்த்த நாளும் அதன்மேல் நின்று நிலவுதலால், மன்னன் பெயரும் ஆட்சியாண்டும் தாங்கிய கல்வெட்டுக்கு அது எள்ளளவும் தாழ்ந்ததன்று; வருஷம் இருந்த இடம் மட்டும் முதலில் சிதைந்துபோவதும் இரண்டுக்கும் பொது. ‘இந்தப் பையிலிருக்கிற பெண்ணுக்கு இப்போது பிள்ளை காலேஜில்’ என்று வீட்டுப் பெரியவர் செய்யும் காலநிர்ணயம், எழுத்தமைதியை உத்தேசித்து நூறாண்டு முன்னும் பின்னும் ஊசலாடும் நிபுணர் நிர்ணயத்தைக் காட்டிலும் நம்பத்தக்கது.

இவ்வாராய்ச்சியின் கையெழுத்துப் பிரதியை நல்லதொரு கட்டைப்பையிலிட்டு, கற்றறிந்தோர் சபை ஒன்றின் பரிசீலனைக்குச் சமர்ப்பித்திருந்தேன். ‘மேற்கோள்கள் போதா’ என்ற குறிப்புடன் பிரதி திரும்பி வந்தது. பை வரவில்லை.