கலைந்த குழு, கலையாத ரசிகன்

கே: பிரிந்துபோன கலைஞர்கள் பல வருஷம் கழித்துப் புதுக் குழுவாகச் சேர்ந்தால், ரசிகர்கள் ஏன் இப்படிக் குதிக்கிறார்கள்?
- திருச்சி வாசகர்

ப: குதிக்காவிட்டால்தான் ஆச்சரியம்! 1975 வாக்கில் உருவான 'சக்தி'யை எடுத்துக்கொள்ளுங்கள். ஜான் மெக்லாஃப்லின் கிதார், எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயகராம் கடம். மூன்றே ஆல்பம், எழுபதுகள் முடிவதற்குள் கலைந்துவிட்டார்கள். அந்த இசைத்தட்டுகளைத் தேயத் தேயக் கேட்டவருக்கு, 1997-ல் மெக்லாஃப்லினும் ஜாகிரும் விக்குவும் மறுபடி ஒரே மேடையில் என்றால் தூக்கம் வருமா? கூடவே ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல். புதுக் குழுவின் பெயர் 'ரிமெம்பர் சக்தி'. மறந்திருந்தால்தானே ஐயா நினைவுபடுத்த!

கே: எல். சங்கரின் வயலின் இல்லாமல் அது என்ன சக்தி?
- கும்பகோணம் வாசகி

ப: அந்த ஏக்கம் நியாயமானது. ஆனால், பிறகு வந்து சேர்ந்தவர் மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸ் ஆயிற்றே! மெக்லாஃப்லின் அமெரிக்காவில் எஸ். ராமநாதனிடம் கர்நாடக இசை பயின்றவர். பழைய சக்திக்காக அவர் செய்வித்த கிதாரில் மெட்டுகளுக்கு நடுவே மரத்தைப் பள்ளமாகக் குடைந்திருப்பார்கள். வீணையில்போலத் தந்தியை இழுத்துக் கமகம் பிடிக்கலாம். குறுக்கே சுருதிக்கென்று ஏழு தந்திகள் வேறு. கமகத்துக்காகக் கிதாரையே மாற்றியவர் அவர். மேற்கத்திய மாண்டலினில் கமகத்தைக் குழைத்துக் கொடுத்தவர் ஸ்ரீனிவாஸ். இருவரும் மாறி மாறி வாசிப்பதைக் கேளுங்கள், ஏக்கம் ஓடிவிடும்.

கே: பிற்பாடு விக்குவின் இடத்துக்கு வந்தது யார்?
- மதுரை வாசகர்

ப: வீட்டிலிருந்தே ஆள் வந்தார். மகன் செல்வகணேஷ், கையில் கஞ்சிரா.

கே: பழைய பெருமையை வைத்துக் காசு பார்ப்பதுதானே இந்த மறுகூடல் எல்லாம்?
- கோவை வாசகர்

ப: சிலர் விஷயத்தில் இருக்கலாம். இவர்கள் விஷயத்தில் ஒப்பவே மாட்டேன். 1977-க்குப் பிறகு ஸ்டுடியோ ஆல்பம் எதுவும் போடாதவர்கள், 2023-ல் 'திஸ் மொமென்ட்' கொடுத்தார்கள். சங்கர் மகாதேவன் பாடுகிறார். கணேஷ் ராஜகோபாலன் வழியாக வயலினும் திரும்பிவிட்டது. 2014-ல் நாற்பத்தைந்தே வயதில் மறைந்த ஸ்ரீனிவாஸை நினைத்து 'ஸ்ரீனீஸ் ட்ரீம்' என்று ஒரு உருப்படி. காசுக்கு வாசிப்பவர்கள் பழைய வெற்றிகளைத் திருப்பி வாசிப்பார்கள். இவர்கள் புதிதாக எழுதினார்கள். 2024 பிப்ரவரியில் கிராமி விருது கிடைத்தது.

கே: இனி ஒருமுறை சேருவார்களா?
- திருநெல்வேலி வாசகி

ப: அதே ஆண்டு டிசம்பரில் ஜாகிர் உசேன் மறைந்துவிட்டார். அவருக்கு மாற்று கிடையாது அம்மா. 1975-ல் மேடையில் பதிவான முதல் ஆல்பத்தையும் 'திஸ் மொமென்ட்'டையும் ஒரே மூச்சில் கேட்டுப் பாருங்கள். தபலாவை மட்டும் பின்தொடருங்கள்.