மேல்மாடித் தேன்பெட்டி

கேள்வி: மாத்தளை நகரில் எங்கள் வீட்டு மேல்மாடியில் தேன்பெட்டி வைக்கப்போகிறேன். தேனீ இனத்தைக் காப்பாற்றிய புண்ணியம் கிடைக்குமா?

பதில்: தேன் கிடைக்கும், புண்ணியத்துக்குக் கொஞ்சம் பொறுங்கள். இலங்கையில் ஏறக்குறைய 150 தேனீ வகைகள் உண்டு. பெட்டிக்குக் குடிவந்து ஒழுங்காகத் தேன் வாடகை கட்டுவது முக்கியமாக ஒன்றுதான். மலைத்தேனீக்கு உங்கள் பெட்டி எம்மாத்திரம்? அதற்குச் சீகிரியாக் குன்றே வேண்டும். அங்கே சிங்கப் பாதத்தருகே கம்பிவலைக் கூண்டும் உண்டு. தேனீயை அடைக்க அல்ல, அது கலைந்தால் நாம் ஓடி ஒளிய!

மிச்சம் பெரும்பாலும் தனிக்கட்டைகள். மண்ணிலும் பட்ட மரத்திலும் துளைபோட்டுக் குடியிருப்பவை. காலையில் கத்தரிப் பூவைக் கவனியுங்கள். கரிய தச்சுத் தேனீ பூவைக் கட்டிப்பிடித்து உடம்பை அதிரவைக்கும். மகரந்தம் பொலபொலவென்று கொட்டும். பெட்டித் தேனீக்கு இந்த வித்தை வராது.

லண்டனில் கூரைக்குக் கூரை பெட்டி வைத்தார்கள். பந்தி பெருத்தது, பூ பெருகவில்லை. காட்டுத் தேனீயின் பங்குக்கு ஆபத்து என்று 2020இல் கியூ தாவரவியல் பூங்காவின் அறிக்கை எச்சரித்தது.

ஆகவே ஒரு பெட்டி போதும். காட்டு மரப்பொந்தை வெட்டிக் கூட்டைப் பிடிக்காமல், வளர்ப்பவரிடம் வாங்குங்கள். பூச்சிமருந்தைக் குறையுங்கள். பட்ட கிளையொன்றை விட்டுவையுங்கள். தச்சுத் தேனீ கூரை மரத்தைத் துளைத்தாலும் ஏசாதீர்கள். முற்றத்துக்குச் சிமெந்து பூச ஒதுக்கிய காசில் முருங்கை நடுங்கள். பூ தேனீக்கு, காய் உங்களுக்கு. மீதிக் காசு வீட்டம்மாவுக்கு!