அடுத்த சாக்கெட் அண்ணன்

தேனி மாவட்டத்தில் ஊருக்கு ஒருவராவது இருப்பார். கம்பத்தில் திராட்சைத் தோட்டக்காரர் மகனாக, உத்தமபாளையத்தில் மருந்துக்கடைக்காரராக, போடியில் ஏலக்காய்க் குடும்பத்து வாரிசாக. தொழில் எதுவானாலும் அடையாளம் ஒன்றுதான்: கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்குத் தெரியாதது கிடையாது, வீட்டில் கம்ப்யூட்டர்தான் கிடையாது. கேட்டால், "அசெம்பிள் பண்ணிருவோம்ப்பா. அடுத்த சாக்கெட் வரட்டும்" என்பார்.

சாக்கெட் என்பது மதர்போர்டில் ப்ராசசர் பொருந்தும் சதுர இடம். அதில் எத்தனை தொடுமுனைகள் உண்டோ, அந்த எண்ணையே இன்டெல் அதற்குப் பெயராக வைத்துவிடும். 1155, 1150, 1151, 1200, 1700, 1851 என்று டீக்கடை பெஞ்சில் அண்ணன் அடுக்கத் தொடங்கினால், தெரியாதவர்கள் ஏதோ ஏல நிலவரம் என்று காதைத் தீட்டிக்கொள்வார்கள். 1151 வரும்போது மட்டும் அண்ணனுக்குக் குரல் உயரும். அந்தப் பெயரிலேயே 2017ல் எட்டாம் தலைமுறை ப்ராசசர் வந்தது. அளவு அதே அளவுதான், ஆனால் பழைய போர்டில் வேலை செய்யாது. புதுப் போர்டு வாங்க வேண்டும். "இது நியாயமாப்பா?" என்று அவர் பொங்குவதைப் பார்த்தால், பழைய போர்டு வாங்கி நஷ்டப்பட்டவர் போலிருக்கும். அவர் எந்தப் போர்டையும் வாங்கியதில்லை.

நான் பார்க்கும் அண்ணன் போடிக்காரர். 2017 மார்ச்சில் ஏஎம்டியின் ரைசன் வந்தபோது, "மொத ஈட்டை நம்பக் கூடாது" என்றார். ஈடுகள் வந்து ஆறிக்கொண்டே இருந்தன. 2020ல் இன்டெல்லின் 1200 வந்தது. "ரெண்டு தலைமுறைக்கு மேல ஓடாது பாரு" என்றார். ஓடவில்லை. 2021ல் 1700. டிடிஆர்5 ரேம் விலை இறங்கட்டும் என்றார். 2022ல் ஏஎம்5. போர்டு விலை இறங்கட்டும் என்றார். 2024ல் இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை ப்ராசசர்களில் மின்னழுத்தக் கோளாறு தெரியவந்து, கம்பெனியே வாரண்டியை இரண்டு வருஷம் நீட்டிக் கொடுத்தபோது, பஜாரில் அண்ணன் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். வாங்காதவர்களிலேயே மிகப் பெரிய லாபம் தனக்குத்தான் என்பது போல் ஒரு நடை. அவர் சொன்னது எதுவும் தப்பியதில்லை என்பதை இங்கே நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். தொந்தரவே அதுதான்.

சின்னமனூர்த் தம்பி ஒருவன் அந்த மொத ஈட்டையே 2017ல் வாங்கினான். அவனுடைய ஏஎம்4 சாக்கெட்டை 2020 வரை வைத்திருப்போம் என்று ஏஎம்டி சொல்லியிருந்தது. 2022லும் அதே சாக்கெட்டுக்கு 5800எக்ஸ்3டி என்று ஒன்றை இறக்கியது. தம்பி பயாஸை அப்டேட் செய்துவிட்டு, பழைய ப்ராசசரைக் கழற்ற உட்கார்ந்தான். கூலரைத் தூக்கினால், காய்ந்துபோன பேஸ்ட்டில் ஒட்டிக்கொண்டு ப்ராசசரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. அடியில் 1,331 பின்கள். ஓரத்தில் ஒரு வரிசை சாய்ந்து கிடந்தது. பழையதை விற்றால்தானே புதியதற்குக் கொடுத்த காசில் கொஞ்சமாவது தேறும்? கடைக்காரர் மைக்ரோ டிப் பென்சிலில் லெட்டை எடுத்துவிட்டு, அந்தக் குழாய் முனையை ஒவ்வொரு பின்னிலும் சொருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தினார். அண்ணன் பக்கத்தில் குனிந்து நின்று, அந்த மூச்சையும் விடவிடாமல் பேசிக்கொண்டிருந்தார்.

"ஏஎம்5ல இந்தத் தொல்லையே இல்லண்ணே. பின்னெல்லாம் போர்டுப் பக்கம் போயிருச்சு."

"போர்டுல வளைஞ்சா?"

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். "அதுக்குத்தான் ஏஎம்6 வரட்டும்ங்கிறேன்."

இன்டெல்லா ஏஎம்டியா என்று கேட்டால் அண்ணன் கட்சி சேர மாட்டார். இரண்டுமே ஃபேர்சைல்டு என்ற ஒரே கம்பெனியிலிருந்து பிரிந்து வந்தவர்கள் தொடங்கிய பங்காளி வீடுகள். இன்டெல் 1968, ஏஎம்டி 1969. இன்டெல் வடிவமைத்த சிப்பையே ஏஎம்டி உரிமம் வாங்கிச் செய்து கொடுத்த காலமும் உண்டு. "பங்காளி சண்டையில நாம ஏன் தலையிடணும்? அவுங்க அடிச்சுக்கிட்டா விலை குறையும்" என்பது அவர் கொள்கை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. விலை குறைந்த நாட்களில் அண்ணன் எங்கே போகிறார் என்பதுதான் புரிவதில்லை.

இந்தக் குணம் அவருக்கு எங்கிருந்து வந்தது? ஊரைக் குற்றம் சொல்ல முடியாது. 2010 கடைசியில் நின்றுபோன ரயிலுக்கு 2023 ஜூன் வரை காத்திருந்த ஊர்தான் போடி. ஆனால் வந்ததும் ஏறி உட்கார்ந்துவிட்டது. அவருடைய அப்பாவைப் பார்த்தபிறகுதான் எனக்கு விளங்கியது. பெரியவருக்கு மலையில் ஏலத்தோட்டம். 2019ல் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டபோது வீட்டு மாடியில் மூட்டை இருந்தது. "பத்தைத் தொடட்டும்" என்றார். பிறகு விலை ஆயிரத்துக்கும் கீழே வந்தது. மூட்டையில் பச்சை வெளுத்ததுதான் மிச்சம். அப்பா ஏறட்டும் என்று விற்காமல் இருக்கிறார், மகன் இறங்கட்டும் என்று வாங்காமல் இருக்கிறார். ஒருவர் செய்வது மற்றவருக்குச் சுத்தப் பைத்தியக்காரத்தனம். நடுவில் அந்த வீட்டு அம்மா மாடி அறையைப் பெருக்கும்போது மூட்டையைச் சுற்றிப் பெருக்குகிறார், கீழே வந்து கம்ப்யூட்டருக்கென்று வாங்கிப்போட்ட காலி மேஜையில் துணி மடிக்கிறார்.

2025 கடைசியில் ரேம் விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏறியது. ஏஐ கம்பெனிகள் மெமரியை மொத்தமாக அள்ளிக்கொண்டு போக, மைக்ரான் தன் க்ரூஷியல் ரேம் வியாபாரத்தையே மூடுவதாக டிசம்பரில் அறிவித்தது. ஆறு மாதம் முன்னால் வாங்கியிருக்கலாமே என்று கேட்டேன். "வாங்கிருக்கலாம்தான். ஆனா இன்டெல்லு மறுபடி சாக்கெட்டை மாத்துதுங்கிறாய்ங்க, 1954ஆம். ஏஎம்டி ஏஎம்5அ 2027 வரைக்கும் விடமாட்டோம்ங்குது. இப்பப் போயி அவசரப்படலாமா?"

அண்ணனுடைய அக்காள் மகள் போடி அரசு பொறியியல் கல்லூரியில் கடைசி வருஷம். அரசு கொடுக்கத் தொடங்கிய மடிக்கணினி அவளுக்கும் வந்தது: 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, ரைசன் 3. அண்ணன் அதைக் கையில் வாங்கி, மூடியபடியே திருப்பி, அடிப்பக்கத்து ஸ்டிக்கரைப் படித்தார்.

"இதுல என்ன சாக்கெட் தெரியுமா பாப்பா? சாக்கெட்டே கிடையாது. ப்ராசசரை போர்டுலயே வச்சுப் பத்தவச்சிருப்பான். நாளைக்கு மாத்தவே முடியாது."

"எதுக்கு மாமா மாத்தணும்?"

அந்தக் கேள்வி அவருக்குப் புரியவில்லை. மடிக்கணினியைக் காலி மேஜையில் வைத்தார். துணியை அம்மா எடுத்துக்கொண்டு போனார். திறந்து, வைஃபை போட்டு, வரப்போகும் சாக்கெட் பற்றி எவனோ கசியவிட்ட படத்தைத் தேட ஆரம்பித்தார். பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"டேய், அப்படியே இன்னிக்கு ஏலத்துல காய் என்ன போச்சுன்னு பாரு."