போனில் சொல்ல முடியாத சமாசாரம்

எடிசன், நியூ ஜெர்சி

அன்புள்ள அக்காவுக்கு,

வாட்ஸ்அப் இருக்கும்போது தபாலுக்கு ஏன் தண்டம் அழுகிறாள் என்று நினைப்பாய். உன் போனை உன் பெண்தான் முதலில் பார்க்கிறாள். அடுத்த நிமிஷம் சேதி என் பெண்ணுக்கு வந்துவிடுகிறது. ஆகவே கடுதாசி.

எனக்கும் என் பெண்ணுக்கும் சண்டை, கிளீவ்லாந்தை வைத்து. அங்கே 1978-லிருந்து தியாகராஜ ஆராதனை நடக்கிறதல்லவா? ஈஸ்டரை ஒட்டி, ஏறக்குறைய நம் கபாலிக்கு அறுபத்து மூவர் நடக்கிற பருவத்தில், மெட்ராஸ் வித்வான்கள் ஓவர்கோட்டோடு ஆஜராவார்கள். குழந்தைகளுக்குப் போட்டி, சேர்ந்து பஞ்சரத்னம் எல்லாம் உண்டு. காரில் ஏழு மணி நேரம். நாங்கள் அங்கே இருக்க வேண்டிய அதே சனிக்கிழமை இவள் சிநேகிதி வீட்டில் ஸ்லீப்ஓவராம். வீட்டில் இவளுக்கென்று தனி அறை, கதவில் 'தட்டிவிட்டு வரவும்' என்று போர்டு வேறு. படுக்க மட்டும் அடுத்தவர் வீட்டு ஹால் வேண்டியிருக்கிறது!

"நம்ம ஊர்ல இதெல்லாம் கிடையாது" என்றேன். "மயிலாப்பூர் மொட்டை மாடியில பத்துப் பேர் வரிசையா படுத்துண்டோம்னு நீதானே சொன்னே?" என்றாள். அது உறவு, அது வேறே என்றேன். "ஓ, உறவுன்னா பரவாயில்லையா?" என்று மனசில் குறித்துக்கொண்டாள்.

இவர் 'நம் கலாசாரம்' என்று ஆரம்பித்தார். "நீ பாட்டு கத்துண்டியாப்பா?" என்றாள். இவர் தனி ஆவர்த்தனம் தொடங்கினால் முதல் ஆளாக சபா கேண்டீனுக்கு எழுந்து போகிற கட்சி. நான் வாயைத் திறக்கவில்லை.

இவளுக்கும் நம் பாட்டு மாமிதான், நெட்டில் கிளாஸ். மாமி அங்கே காலை ஆறரைக்கு உட்கார்ந்தால் இங்கே முந்தின நாள் ராத்திரி ஒன்பது. இவள் கொட்டாவியும் வர்ணமுமாகப் பாட, அந்தப் பக்கம் காக்காய், குக்கர் விசில், தண்ணி லாரி. நாமெல்லாம் மாமி சொன்ன சங்கதியை அப்படியே திருப்பிப் பாடுவோம். இவள், "அந்த இடத்துல ஏன் மாமி வளையணும்?" என்று கேட்டுவிட்டாள். மாமி பேசவே இல்லை. நெட் போய்விட்டதென்று நினைத்தேன். அப்புறம் கால் மணி நேரம் விளக்கம்! மறுநாள் எனக்குத் தனியாகப் போன்: "கேக்கட்டும்டீ, அதட்டாதே." நம்மை அவர் அதட்டின அதட்டல் உனக்கு மறந்திருக்காது.

உன் பெண் பாட்டை விட்டுவிட்டுக் கால்பந்து ஆடுகிறாள், அடையாறில் ஒரு இலை அசையவில்லை. இங்கே இவள் ஒரு வாரம் சாதகம் செய்யாவிட்டால் தெப்பக்குளமே வற்றின மாதிரி இவர் பதறுகிறார். உனக்கென்ன, பஸ் ஏறினால் மாட வீதி. எங்களுக்கு அதை ஏழு மணி நேரம் கார் ஓட்டித்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கடைசியில் பஞ்சாயத்து இப்படி முடிந்தது: கிளீவ்லாந்துக்கு வருவாள். டிசம்பரில் மெட்ராஸ் வரும்போது யாரும் அவளைப் பாடச் சொல்லக்கூடாது, பட்டுப்பாவாடை கிடையாது. நீ நல்லிக்குப் போய் நிற்காதே. பாண்டி பஜாரில் ஜீன்ஸ் எந்தக் கடையில் மலிவு என்று உன் பெண் ஏற்கெனவே சொல்லியாச்சாம்.

யாராவது வந்தால் கிராண்ட் ஸ்வீட்ஸ் புளிக்காய்ச்சல் கொடுத்தனுப்பு.

இப்படிக்கு,
உன் தங்கை

பி.கு.: டிசம்பரில் ஒரு ராத்திரி உன் பெண்ணோடு தங்கலாமா என்று கேட்டாள். உறவுதானே, தாராளமாக என்றேன். இப்போதுதான் தெரிகிறது, அன்றைக்கு உன் பெண்ணே வீட்டில் இருக்கமாட்டாளாம். பெசன்ட் நகரில் சிநேகிதி வீட்டில் ஸ்லீப்ஓவராம், இவளுக்கும் சேர்த்து இடம் சொல்லியாச்சாம். உனக்கு இது தெரியுமா? அத்திம்பேருக்கு?